முகவுரையும் மேற்கோளும்

ஆராய்ச்சிக் கட்டுரை யென்னும் பெயரால் இக்காலத்து வெளிவருவன பல. அவற்றுட் கொள்ளத்தக்கது இது, தள்ளத்தக்கது இது எனத் துணிதற்கு, முழுதும் படித்து முடியுங்காறும் காத்திருத்தல் வேண்டா. முகவுரையும் மேற்கோள் காட்டும் முறையுமாகிய இரண்டுமே ஆசிரியரது தகுதியைப் பெரும்பாலும் புலப்படுத்திவிடும். அவ்விரண்டையும் அளத்தற்குரிய கோல் நம் முன்னோர் நூல்களிலேயே உளது.

முதற்கண் முகவுரையை நோக்குவாம். பவணந்தி முனிவர் சிறப்புப்பாயிரத்திற்கு வகுத்த இலக்கணங்களுள் நுதலிய பொருள், வழி, பயன் என்னும் மூன்றும் கட்டுரைக்கும் இன்றியமையாதன. ஆராயப்படும் வினா யாதென ஒரு வாக்கியத்தில் விளங்கவுரைத்தல் நுதலிய பொருள். முன்னையோர் அதுபற்றி யாது கூறினர், தாம் எவ்விடத்தில் அவரோடு ஒன்றி எவ்விடத்தில் வேறுபடுகின்றார் என்றல் வழி. அம்முடிபால் தெளிவது யாதென்றல் பயன். அருணந்தி சிவாசாரியார் சுபக்கத்திற்கு முன்னர்ப் பரபக்கத்தை வைத்த முறையும் ஈண்டு நினைக்கத்தக்கது. பிறர் கொள்கையை அவர் தாமே கூறுமாறு கூறியபின் மறுத்தலே அறம். சைவத்தின் பெருமையைப் பத்துப் பக்கம் விரித்து வினாவைக் கூறாது விடும் முகவுரை துதியாகலாம்; பாயிரமாகாது.

இனி மேற்கோள். மெய்கண்டதேவர் வார்த்திகத்தில் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்பன முறையே வரும். அங்கே மேற்கோள் என்பது நிறுவப்படும் பொருள். அதனை நிறுவுவது ஏது. இக்காலத்தார் பிறர் கூற்றை எடுத்துக்காட்டுதலையே மேற்கோள் என்ப. பெயர் ஒன்றாயினமையின், பெரியார் ஒருவரது கூற்றை எடுத்தெழுதிய வளவில் தம் துணிபு நிறுவப்பட்டதெனச் சிலர் மயங்குகின்றனர். ஏது வேண்டும் இடத்தில் அஃது இல்லையேல், எத்துணை அடிக்குறிப்பு இருந்தும் பயனின்று.

மேலும், சித்தியார் அளவையியலில் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் ஏனைய அளவைகள் அடங்கும் எனப்பட்டது. மேற்கோள் காட்டுவோர் தாம் நூலை நேரே கண்டனரா, கண்டார் உரைப்பக் கேட்டனரா என்பதைப் பிரித்துரைத்தல் வேண்டும். ஓர் உதாரணத்தால் இது விளங்கும். சிவஞானபோதச் சூத்திரம் பன்னிரண்டும் ரௌரவாகமத்துப் பாசவிமோசனப் படலத்தில் உள்ள வடமொழிச் சூத்திரங்களின் மொழிபெயர்ப்பு என்பது சிவஞான முனிவர் கொள்கை. தமிழ் நூலே முதனூல் என்பாரும் உளர். பாண்டிச்சேரிப் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் சுவடிகளை ஒப்பிட்டு ரௌரவாகமத்தின் முதற்றொகுதியை 1961-இல் வெளியிட்டது. அந்நிறுவனத்தார் பதிப்பில் அச்சூத்திரங்கள் காணப்படவில்லை. ஆகவே, இன்று ஒருவர் அச்சூத்திரங்களுக்கு அடிக்குறிப்பில் 'ரௌரவாகமம்' என்று மாத்திரம் எழுதுவாராயின், தாம் காணாததைக் கண்டதாகக் கூறினவராவர். 'ரௌரவாகமத்தது எனச் சிவஞான முனிவர் கூறுவர்' என்பாராயின் அது மெய்யுரையாகும். ஆகமம் அழிந்ததோ, வேறு பாடமோ, மரபு பிற்பட்டதோ என்னும் ஆராய்ச்சிக்கு அப்போதே இடமுண்டாகும். முனிவர்பால் அன்புடையார்க்கும் இதனால் இழுக்கொன்றுமில்லை.

பண்டை உரையாசிரியர் நூற்பெயர் சொல்லாது அடியை மாத்திரம் காட்டிச் செல்வர். கேட்போர் அந்நூல்களைப் பாடமாக உடையராயிருந்தனர். அந்நிலை மாறியது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் தம் பதிப்புக்களில் உரையாசிரியர் காட்டிய மேற்கோள்களின் இடங்களைத் தேடிக் காட்டினார். இடம் புலப்படாதவற்றை விளங்கா மேற்கோள் என வேறாகத் தொகுத்தார். தெரியாததைத் தெரியாதென்று வைத்த அந்நேர்மையே பின்வந்தார்க்கு வழியாயிற்று.

இடங்காட்டும் வகையும் நூலுக்கேற்ப அமைதல் நன்று. பக்கவெண் பதிப்புத்தோறும் மாறும். ஆதலின், தேவாரத்திற்குத் திருமுறை, பதிகம், செய்யுள் எண்களும், சிவஞானபோதத்திற்குச் சூத்திர அதிகரண எண்களும் தருக. உரைக்கு மட்டும் பதிப்பும் ஆண்டும் பக்கமும் வேண்டும். மூலம் எது, உரை எது, தம் கூற்று எது என மூன்றும் கலவாதிருத்தல் அதனினும் முதன்மையானது.

எனவே கட்டுரையைக் கையிலெடுப்போர் இரண்டு வினா எழுப்புக: இவர் எதனை ஆராய்கின்றார்? தாம் கூறுவதை எவ்வாறு அறிந்தார்? இரண்டற்கும் விடை கிடைப்பின் மேலே படிக்கலாம். நாம் எழுதப் புகும்போதும் இவ்வினாக்களை முதலில் நம்மையே கேட்டுக்கொள்வோமாக.