யுகுலேலே: தாவும் பேனின் கதை

நான்கு நரம்புடைய சிற்றிசைக் கருவியாகிய யுகுலேலே, இன்று சிங்கப்பூர்ப் பள்ளிகள் பலவற்றில் இசைவகுப்பிற்கு வந்துவிட்டது. அதன் பெயர் நம் அண்டை மொழியாகிய மலாயுடன் உறவுடையது என்பது பலர் அறியாதது.

1879ஆம் ஆண்டில் மதேராத் தீவிலிருந்து ஹொனலூலு வந்திறங்கிய போர்ச்சுகீசியர் ஒரு சிறு நரம்புக்கருவியைக் கொணர்ந்தனர். அதுவே ஹவாயில் புத்துருப் பெற்றது. கருவி அயலது; பெயரோ ஹவாயி மொழியினது. ‘உக்கு’ என்பது பேன். ‘லேலே’ என்பது தாவுதல். தாவும் பேன் என்றே அம்மொழியினர் தெள்ளுப்பூச்சியை அழைத்தனர். நரம்புகளின்மீது விரல்கள் துள்ளும் விரைவு கண்டு இப்பெயர் இட்டனர் என்பது ஒரு வழக்கு.

இனி, மலாயில் பேனுக்குப் பெயர் ‘குத்து’. நியூசிலாந்து மாவோரியிலும் அதுவே. பிற மொழிகளில் தகரமாக நிற்பது ஹவாயியில் ககரமாகும். ககரமோ தொண்டையில் மூச்சைத் தடுத்து விடும் ஒலியாகும். ஆகவே ‘குத்து’ அங்கே ‘உக்கு’ ஆயிற்று. கண்ணைக் குறிக்கும் மலாய் ‘மாத்தா’ ஹவாயியில் ‘மாக்கா’ ஆனதும் இவ்விதியாலேயே. ‘லீமா’ என்னும் ஐந்து இரண்டிலும் மாறவில்லை. இவை கடன்கள் அல்ல. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். தைவானின் பழங்குடி மொழிகளிலும் இதன் இனச்சொற்கள் உள. அங்கிருந்து ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடலோடத் தொடங்கிய மக்களின் வழித்தோன்றல்களே ஹவாயில் குடியேறினர்.

ஒலியை மட்டும் நோக்குவார், நம் ‘குதி’ என்னும் வினையே மலாயில் ‘குத்து’ ஆயிற்று எனத் துணியக்கூடும். அது பொருந்தாது. பேன் ஊருமேயன்றிக் குதிக்காது. குதிப்பதைக் காட்டவே ஹவாயியர் ‘லேலே’யைச் சேர்த்தனர். மேலும், தமிழர் தொடர்பே இல்லாத தீவுகளிலும் அச்சொல் வழங்குகின்றது.

மாறாக, உட்லண்ட்ஸிலிருந்து 1924இல் திறக்கப்பெற்ற கடற்பாலத்தைக் கடந்து ஜோகூர் பாரு செல்வோர் பெயர்ப்பலகைகளில் காணும் ‘கெடாய்’ என்னும் சொல், நம் ‘கடை’யே. ஒலியும் பொருளும் ஒத்துள்ளன. மாவோரியிலும் ஹவாயியிலும் அதற்கு உடன்பிறப்பு இல்லை. வணிகர் வழியாகச் சென்ற வரலாறும் உண்டு.

ஒரே மலாய்மொழியில் ‘குத்து’ இனச்சொல், ‘கெடாய்’ கடன்சொல். இவ்விரண்டையும் வகுப்பில் அருகருகே வைத்துக் காட்டினால், மாணாக்கர் ஒலியொப்புமைக்கு மயங்கார். நமதல்லாததை நமதென்னாதபோதே, நாம் கொடுத்தவற்றைப் பற்றிய நம் சொல்லும் உலகில் எடுபடும்.