விறகா, தண்ணீரா?

கடலூர், விழுப்புரம் பக்கம் சவுக்குத் தோப்புகளைப் பார்த்திருப்பீர்கள். அங்கே வெட்டும் மரம் விறகுக்கடைக்கும் வருகிறது. கடையில் எடை போட்டுத்தானே விற்கிறார்கள்? அந்த எடைக்குள் தண்ணீரும் ஒளிந்திருக்கிறது, தெரியுமா?

பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீராக இருக்கலாம். கடைக்காரர் வாங்கிய 100 கிலோவில் 50 கிலோ தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்தபின் 12 கிலோ தண்ணீர்தான் மிஞ்சும் என்றால், மொத்த எடை 62 கிலோ! காயவைத்தவருக்கு 38 கிலோ குறைகிறது. அதனால்தான் காய்ந்த விறகுக்கு விலை கூடுதல்.

பச்சையாகவே விற்றால் என்ன? வாங்கியவர் தண்ணீருக்கும் காசு கொடுத்திருப்பார். அடுப்பின் சூடு முதலில் அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகும். தீ பிடிக்காது, புகை மண்டும், சமைப்பவரின் கண் எரியும்.

நல்ல கடைக்காரர் பருத்த கட்டைகளைக் கோடரியால் பிளப்பார். பட்டை ஈரத்தை எளிதில் வெளியே விடாது. பிளந்தால் சீக்கிரம் காயும். தரையில் படாமல், காற்றுப் புக இடைவெளி விட்டு, குறுக்கும் நெடுக்குமாக அடுக்குவார். மழைக்கு மேற்புறத்தை மட்டும் மூடுவார். பக்கங்களைத் திறந்தே வைப்பார்.

காய்ந்த விறகின் முனையில் வெடிப்புகள் தெரியும். இரண்டு கட்டைகளைத் தட்டினால் 'டங்' என்று ஒலிக்கும். ஈரக் கட்டை 'தொப்' என்னும். அடுத்த முறை விறகு வாங்கப் போனால், தட்டிப் பார்த்து வாங்குங்கள்!