குறைப் பிரதி

பழைய நூல்களைச் சேர்க்கும் பித்து என்னைப் பற்றியிருந்த ஆரம்ப காலத்தில், அரிய நூலொன்றை நானே கைநழுவ விட்டேன். பிரான்ஸ் காஃப்காவின் ‘கோட்டை’ நாவலுடைய முதல் ஆங்கிலப் பதிப்பு அது. 1930இல் இலண்டனில் மார்ட்டின் செக்கர் வெளியிட்டது. பழைய புத்தகக் கடையொன்றில் சொற்ப விலைக்குக் கிடைத்தது. மேலுறை இல்லை, அட்டைத் துணியும் வெளிறியிருந்தது. நான் முன்னர் படித்திருந்த பிற்காலப் பதிப்போடு ஒப்பிட்டபோது இறுதிப் பகுதியைக் காணவில்லை. தாள்கள் கழன்று போயின என்றெண்ணி, கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்து வேறொரு நூலை வாங்கிவந்தேன்.

உண்மையில் ஒரு தாளும் கழன்றிருக்கவில்லை. குறை என் அறிவிலேதான் இருந்தது.

1924இல் காஃப்கா இறந்தபோது இந்நாவல் முற்றுப்பெறாத கையெழுத்துப் பிரதியாகவே கிடந்தது. தம் எழுத்துக்களை எரித்துவிடுமாறு நண்பர் மக்ஸ் புரோடிடம் அவர் வேண்டியிருந்தார். புரோட் எரிக்கவில்லை, 1926இல் ஜேர்மன் மொழியில் அச்சேற்றினார். ஆயின், முடிவற்ற கதை வாசகரை மலைக்கச் செய்யுமென அஞ்சி, கையெழுத்தின் இறுதிப் பகுதியை விலக்கிவிட்டார். அப்பதிப்பையே ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த எட்வின் மியூர், வில்லா மியூர் தம்பதியர் ஆங்கிலமாக்கினர். விடுபட்ட பகுதி 1953ஆம் ஆண்டுப் பதிப்பிலேதான் இலண்டன் வாசகரை அடைந்தது. அதனை மொழிபெயர்த்தோர் வேறிருவர்.

ஆகவே, 20 ஆண்டுகளுக்கு மேலாக ஆங்கில வாசகர் படித்து வியந்தது அந்தக் குறுகிய ‘கோட்டை’யையே. எட்வின் மியூர் தம் முன்னுரையில் அதனைப் பனியனின் ‘மோட்சப் பிரயாண’த்தோடு ஒப்பிட்டார். காஃப்காவை இறையருள் தேடும் யாத்திரிகராகக் காணும் நோக்கு ஆங்கிலத்தில் வேரூன்றியதற்கு அம்முன்னுரையும் ஒரு காரணம். 1982இல் கையெழுத்தை நுணுகி ஆராய்ந்த ஜேர்மன் பதிப்பு வந்தது. அதனைத் தழுவி மார்க் ஹார்மனின் புதிய மொழிபெயர்ப்பு 1998இல் வெளியாயிற்று. காஃப்கா எழுதியதை அறிய இவை வேண்டும். அன்றைய வாசகர் எதைப் படித்தனர் என்பதை அறியவோ 1930ஆம் ஆண்டுப் பிரதியே வேண்டும்.

நூல் வணிகர் மேலுறையைப் பார்த்தே விலை கூறுவர். வாசகர் வீசியெறிந்த அந்தக் கடதாசி இருந்தால் விலை பன்மடங்காகும். மாணவ நண்பர்கள் அதனைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. பழைய மொழிபெயர்ப்பொன்று கைக்கு வந்தால், மொழிபெயர்த்தவர் யார், எம்மூலத்திலிருந்து, எந்த ஆண்டில் என்பவற்றை முதலிற் பாருங்கள். பின்னர் கடைசிப் பக்கத்தைப் புரட்டுங்கள். அது வேறோரிடத்தில் முடிந்திருந்தால், என்னைப் போல் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.