மறுபடியும் போகக்கூடிய ஊர்

ஐரோப்பாவுக்குப் படிக்கவோ வேலை பார்க்கவோ போன நம் பிள்ளைகளின் வார இறுதிக்கு ஒரு வார்ப்பு உருவாகிவிட்டது. வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் ஒரு நண்பரோடு முதுகுப்பையை மாட்டிக்கொண்டு மலிவு விமானம் பிடிப்பது, சனிக்கிழமை முழுக்க பார்சலோனாவிலோ ரோமிலோ ஓடுவது, ஞாயிறு நள்ளிரவில் திரும்பி திங்கள் காலை அரைத் தூக்கத்தில் வகுப்பில் உட்காருவது. இது சென்னையிலிருந்து கிளம்பும் ‘பத்து நாளில் ஏழு நாடு’ பேக்கேஜ் டூரின் வார்ப்பு. அந்த டூரில் போகிறவரின் அவசரத்தை நான் குறை சொல்ல மாட்டேன். விசாவும் விடுப்பும் பணமும் மறுபடி ஒரே நேரத்தில் எப்போது கூடிவருமோ, அவருக்கே தெரியாது. ஆனால் ஆகெனிலோ வியன்னாவிலோ வாடகை கொடுத்துக் குடியிருப்பவரின் நிலை வேறு. இந்த வாரம் பார்க்காமல் விட்டதை அவர் அடுத்த மாதம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். சுற்றுலாப் பயணியிடம் இல்லாமல் அவரிடம் மட்டும் இருக்கும் ஒரே சொத்து அதுதான். அதைச் செலவழிக்கத் தெரிந்தவரின் வார இறுதி பக்கத்து ஊருக்கு, ரயிலில், அதுவும் ஒரே ஊருக்குப் பல தடவை போவதாக இருக்க வேண்டும் என்பது என் வாதம்.

எல்லை தாண்டி வார இறுதியைக் கழிப்பது இவ்வளவு எளிதானது அண்மைக் காலத்தில்தான். 1985 ஜூன் 14 அன்று லக்ஸம்பர்க்கின் ஷெங்கன் கிராமத்தையொட்டி, மோசல் ஆற்றில் நின்ற ஒரு கப்பலில் ஐந்து நாடுகள் ஷெங்கன் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. எல்லைச் சோதனை உண்மையில் நீங்கியது 1995 மார்ச்சில். விமானத் துறையில் எந்த நிறுவனம் எங்கிருந்து எங்கே பறக்கலாம் என்பதை முன்பு இரண்டிரண்டு அரசுகள் பேசி முடிவு செய்துவந்தன. 1993-இல் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்து, 1997-இல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் முழுதாக நீங்கியது. மலிவு விமானங்கள் பெருகியது அதன் பிறகுதான். இருபது யூரோ டிக்கெட்டுக்குப் பின்னால் நிறுவனங்களின் சாமர்த்தியம் மட்டுமில்லை, நாடு தாண்டும் விமானத்தின் எரிபொருளுக்கு வரி கிடையாது, அதன் டிக்கெட்டுக்கு மதிப்புக்கூட்டு வரியும் கிடையாது என்ற பழைய சலுகைகளும் இருக்கின்றன. இந்த ஏற்பாடுகளில் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு உண்மையிலேயே பெரிய வரம் ஷெங்கன்தான். ஜெர்மனியின் வசிப்பு அனுமதி அட்டை இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாள் காலத்திலும் 90 நாள் வரை தங்கலாம். 180 நாளில் வருவது இருபத்தாறு வார இறுதிகள். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றையும் வெளியே கழித்தாலும் 78 நாள்தான் ஆகும். எனவே வாரந்தோறும் எல்லை தாண்டலாம். சட்டம் எந்த அவசரமும் படுத்தவில்லை.

அவசரம் விமான அட்டவணையிலிருந்து வருகிறது. மலிவு விமானம் பெரும்பாலும் ஊரில் இறங்குவதில்லை, ஊரின் பெயரில் இறங்குகிறது. ‘ஃபிராங்க்ஃபர்ட்-ஹான்’ விமான நிலையம் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பாரிஸ் பெயரைத் தாங்கிய போவே 80 கிலோமீட்டருக்கும் மேல். காலை ஆறரை மணி விமானத்துக்கு இரவு இரண்டு மணிக்குப் பேருந்து ஏற வேண்டும். இருக்கைக்கு அடியில் நுழையாத பைக்குத் தனிக் கட்டணம். இந்தக் கட்டணம் உள்ளிட்ட நடைமுறைகளுக்காக ஐந்து மலிவு விமான நிறுவனங்கள் மீது ஸ்பெயின் அரசு 2024-இல் 17.9 கோடி யூரோ அபராதம் விதித்தது; அவை நீதிமன்றம் போயின. இரண்டு பக்கமும் விமான நிலையப் பேருந்து, பை, முன்கூட்டியே போய்க் காத்திருக்கும்போது குடிக்கும் காபி எல்லாவற்றையும் சேர்த்தால் இருபது யூரோ எங்கே போய் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை. பணத்தைவிடப் பெரிய இழப்பு நேரம். நாற்பத்தெட்டு மணி நேரத்தில் தூக்கமும் அலைச்சலும் போக, ஊருக்கென்று மிஞ்சுவது ஒரு பகல், ஒரு மாலை. அந்த ஒரு பகலில் எல்லோரும் பார்க்கும் நான்கு இடங்களைத் தவிர வேறு எதையும் பார்க்க வழியில்லை. வரிசையில் நின்று, படம் எடுத்து, அடுத்த வரிசைக்கு ஓட வேண்டியதுதான்.

இதற்கு மாற்று என்னவென்று காட்ட ஆகெனையே எடுத்துக்கொள்கிறேன்; தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்காக இந்திய மாணவர்கள் திரளாக வந்து சேரும் ஊர் அது. ஜெர்மனியின் மேற்கு விளிம்பு. ஊரை ஒட்டிய வால்ஸ் குன்றின் மேல் ஜெர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம் மூன்றும் தொட்டுக்கொள்கின்றன. ஐரோப்பிய நெதர்லாந்தின் மிக உயரமான இடமும் அதே குன்றுதான், சுமார் 322 மீட்டர். ஆகெனிலிருந்து மாஸ்ட்ரிக்ட் வழியாக பெல்ஜியத்தின் லியேஜ் வரை 2024 முதல் ஒரே ரயில் போகிறது; மாஸ்ட்ரிக்ட் ஏறக்குறைய ஒரு மணி நேரம். யூரோவுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் வழிவகுத்த உடன்படிக்கை 1992 பிப்ரவரியில் அங்கேதான் கையெழுத்தானது. பதிமூன்றாம் நூற்றாண்டு டொமினிக்கன் தேவாலயம் ஒன்று அங்கே புத்தகக் கடையாக இயங்குகிறது. ஜெர்மனியில் ஞாயிறு ஓய்வை அரசியல் சாசனமே காப்பதால் ஆகென் கடைத்தெரு அன்று பூட்டிக் கிடக்கும். லியேஜிலோ அதே ஞாயிறு காலையில் மியூஸ் ஆற்றங்கரை நெடுக லா பாத் சந்தை கூடிவிடும். பாலாடைக்கட்டி, காய்கறி, துணிமணி, கூண்டுக் கோழி என்று மதியம் வரை கூட்டம். முதல் தடவை போகிறவருக்கு அந்தச் சந்தையும், கலட்ராவா வடிவமைத்து 2009-இல் திறந்த கில்லெமன் ரயில் நிலையமும், பியூரென் குன்றின் 374 படிகளும் போதும். இரண்டாம் தடவைதான் கேள்விகள் எழும்: இவ்வளவு அழகான நிலையத்தைச் சுற்றி ஊர் ஏன் இப்படிக் களையிழந்து இருக்கிறது? அதற்கு விடை ஆற்றின் மேல்புறத்தில் உள்ள செராங்கில் கிடைக்கும். 1817-இல் ஜான் காக்கரில் தொழிற்சாலை தொடங்கிய இடம் அது; ஐரோப்பாவின் ஆரம்பகால இரும்புத் தொழில்களில் ஒன்று வளர்ந்தது அங்கே, தேய்ந்த கதையும் அங்கேதான் கிடக்கிறது. லியேஜுக்குப் பக்கத்திலேயே பிளெனி நிலக்கரிச் சுரங்கம், 2012-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பார்வையாளர்களைச் சுரங்கத்துக்குள் இறக்கிக் காட்டுகிறார்கள். லியேஜுக்கு ஒரே ஒரு நாள் ஒதுக்கியவர் சுரங்கத்துக்குப் போகமாட்டார், போகவும் கூடாது. மூன்றாம் தடவை போகிறவருக்கு உரியது அது. எந்திரவியல் படிக்க வந்த ஒருவருக்கு, ரோமின் ட்ரெவி நீரூற்றின் முன்னால் எடுத்த படத்தைவிட இதில் விஷயம் அதிகம் என்று நினைக்கிறேன்.

ஆகென் விதிவிலக்கும் அல்ல. வியன்னாவிலிருந்து பிராட்டிஸ்லாவா ஒரு மணி நேர ரயில். ஸ்ட்ராஸ்பூர்க்கின் டிராம் 2017 முதல் ரைன் ஆற்றைக் கடந்து ஜெர்மனியின் கேல் வரை வருகிறது. மியூனிக்கில் இருப்பவருக்கு ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க், பிராந்திய ரயில்களுக்கான ஜெர்மன் மாதச் சீட்டிலேயே அடக்கம்.

மேலும் விருந்தாளியைப் பற்றி ஊர்கள் என்ன நினைக்கின்றன என்பதும் இருக்கிறதே! வெனிஸ் 2024 ஏப்ரலில் பகல் மட்டும் வந்துபோகிறவர்களுக்கு ஐந்து யூரோ நுழைவுக் கட்டணம் விதித்தது. அடுத்த ஆண்டு, கடைசி நேரத்தில் பதிவு செய்கிறவர்களுக்கு அது பத்து யூரோ ஆனது. கட்டண நாட்களைப் பார்த்தால் பெரும்பாலும் வெள்ளி முதல் ஞாயிறு வரை. இரவு தங்குகிறவர்களுக்குக் கட்டணம் இல்லை. அதாவது ஊருக்குப் பாரமாக வெனிஸ் கருதுவது அயலாரை அல்ல, வார இறுதி அவசரக்காரரை. ஆம்ஸ்டர்டாம் 2024-இல் தங்கும் வரியை 12.5 விழுக்காடாக உயர்த்தியது. 2028 நவம்பருக்குள் சுற்றுலாக் குடியிருப்பு உரிமங்கள் அனைத்தையும் முடித்துவிடப் போவதாக பார்சலோனா அறிவித்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை வர முடிந்தவர் செவ்வாய்க்கிழமை வரட்டும் என்பதுதான் இவற்றின் உட்பொருள். செராங்குக்கோ பிராட்டிஸ்லாவாவுக்கோ அந்த நெரிசல் இல்லை.

இதற்கு நியாயமான மறுப்புகள் உண்டு. முதலாவது: “முதுகலை இரண்டு வருடம், வேலை தேட இன்னும் 18 மாதம், அதற்குள் வேலை கிடைக்காவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். ரோமைப் பார்க்காமலா திரும்புவது?” பார்க்கத்தான் வேண்டும். ஆனால் ரோமுக்கு வார இறுதி போதாது என்பதும் என் வாதத்தின் பகுதியே. ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் இரண்டு பருவங்களுக்கு நடுவே வாரக்கணக்கில் இடைவெளி உண்டு. ரோம், லிஸ்பன், ஏதென்ஸ் எல்லாம் அந்தக் கணக்கில் சேரட்டும். அப்போது விமானத்தில் போனாலும் யாரும் கோபிக்க வேண்டியதில்லை. இரண்டாவது மறுப்பு செலவு. அந்த ஜெர்மன் மாதச் சீட்டு 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கி 2026-இல் 63 ஆகிவிட்டது. ஆனால் பருவக் கட்டணத்தோடு அதைச் சேர்த்துத் தரும் பல்கலைக்கழக மாணவருக்கு அதில் 60 விழுக்காடுதான், அதுவும் முன்பே கட்டிய பணம். மூன்றாவது மறுப்புதான் கூர்மையானது: ஜெர்மன் ரயில் நேரத்துக்கு வருமா? வராது. 2024-இல் நெடுந்தூர ரயில்களில் 62.5 விழுக்காடுதான் நேரத்துக்கு வந்தன என்று ரயில்வேயே சொல்கிறது. இதனால்தான் குறுகிய தூரத்தை வற்புறுத்துகிறேன். பக்கத்து ஊர் ரயிலைத் தவறவிட்டால் ஒரு மணி நேரத்தில் அடுத்தது. விமானத்தைத் தவறவிட்டால் வார இறுதியே போயிற்று. நான்காவதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. லண்டனில் படிப்பவருக்கு பாரிஸ் இரண்டேகால் மணி நேர ரயில்தான், ஆனால் பிரிட்டன் ஷெங்கனில் இல்லை. இந்திய மாணவர் 90 யூரோ கட்டி விசாவுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். அவ்வளவு சிரமப்பட்டு வாங்கிய விசாவை நாலு ஊருக்கு நீட்டிப் பார்க்கத்தான் தோன்றும். அவருடைய ‘மறுபடியும் போகக்கூடிய ஊர்’ யார்க், பாத், கார்டிஃப் போன்றவைதான்.

எத்தனை நண்பர்களோடு போவது என்ற விஷயத்தில் மட்டும் ரயில்வேயின் கணக்கோடு எனக்கு உடன்பாடில்லை. மாதச் சீட்டு இல்லாதவர்களுக்கான பவேரிய ஒருநாள் சீட்டில் ஐந்து பேர் வரை போகலாம். ஆள் கூடக்கூடத் தலைக்கு விலை குறையும். அதனாலேயே விடுதியின் பாதி மாடி சேர்ந்து கிளம்புகிறது. ஐந்து பேர் போனால் எங்கே சாப்பிடுவது என்று முடிவெடுக்கவே ஒரு மணி நேரம் போய்விடும். விடுதியில் பேசிய பேச்சையே சால்ஸ்பர்க்கிலும் பேசிக்கொண்டிருப்பார்கள். தனியாகப் போனாலோ அறை வாடகை முழுதும் ஒருவர் தலையில், பார்த்ததைச் சொல்லிச் சண்டை போடவும் ஆளில்லை. இரண்டு பேர் என்றால் அறை பாதியாகிறது. ஒருவர் அருங்காட்சியகத்துக்குள் போக மற்றவர் சந்தைக்குப் போய்விட்டு மதியம் சேர்ந்துகொள்ளலாம். பக்கத்து மேசைக்காரர் ஐந்து பேரிடம் பேச மாட்டார், இரண்டு பேரிடம் பேசுவார். அதே நண்பரோடு அதே ஊருக்கு இரண்டாம் தடவை போகும்போது, போன தடவை யார் சொன்ன வழி தப்பு என்ற வழக்கையும் தீர்த்துக்கொள்ளலாம்.