தெளிந்த தண்ணீரில் தூண்டில்!

விராலிமலைக்காரன் என்றதும் ஹாஸ்டலில் வரும் முதல் கேள்வி, "உங்க மலையில விரால் கிடைக்குமாடா?" என்பதுதான். விராலி என்பது ஒரு செடி. அதற்கும் மீனுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை! ஆனால் எங்கள் பக்கமிருந்து திருச்சியை நோக்கி ஓடும் கோரையாற்றில் மீன் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் செம்மண் நிறமாக வரும் தண்ணீர், மார்கழியில் கலங்கல் அடங்கி அடிமணல் தெரிய ஓடும். அந்தக் கொஞ்ச நாள்தான் எங்களுக்கு சீசன்.

தெளிந்த தண்ணீரில் மீனைப் பார்த்துத் தூண்டில் போடலாம். ஆனால் மீனும் நம்மைப் பார்க்குமே! நிழல் விழாதபடி சூரியனைப் பார்த்து உட்கார வேண்டும். "நின்னா ஆளு, குந்துனா கல்லு" என்பார் எங்க ஐயா (அப்பாவின் அப்பா).

மூங்கில் கழி, மெல்லிய நரம்பு, இருப்பதிலேயே சின்ன முள். தக்கைக்குச் செலவில்லை. விராலிமலையில் மயிலுக்கா பஞ்சம்? உதிர்ந்து கிடக்கும் இறகின் தண்டை விரல் நீளம் நறுக்கிக் கட்டினால், பொடிமீன் தொட்டாலும் ஆடும்.

பொடிக்கெண்டைக்குச் சோற்றுப் பருக்கை போதும். உளுவை மணலோடு மணலாகக் கிடக்கும். வயிற்றுத் துடுப்பு கிண்ணம்போல் சேர்ந்திருப்பதால் கல்லைப் பற்றிக்கொள்ளும். மண்புழுவை அதன் மூக்கருகே இறக்க வேண்டும். கெளுத்தி பொழுது சாய்ந்தால் வேர்ச்சந்திலிருந்து வரும். முதுகில் ஒரு முள், பக்கத்துக்கு ஒன்று; முதல் தடவை குத்து வாங்கிய ராத்திரி நான் தூங்கவேயில்லை. பனையேறிக் கெண்டை காற்றையும் சுவாசிக்கும். 1791-ல் தரங்கம்பாடியில் பனைமரத்தில் இதைப் பிடித்ததாக டால்டார்ஃப் என்பவர் எழுதி வைத்தார். பனை ஏறுமோ என்னவோ, என் பையிலிருந்து ஏறி ஓடியிருக்கிறது!

ஜிலேபி மாட்டினால் திரும்ப விடாதீர்கள். ஆப்பிரிக்க மீன், 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். நம்ம ஊர்ப் பொடிமீனின் இடத்தையும் இரையையும் பிடுங்கிக்கொள்கிறது.

அயிரைக்குத் தூண்டில் எடுபடாது. இருவர் துண்டை விரித்துப் பிடிக்க, மூன்றாமவர் மேலே நின்று காலால் மணலைக் கிளற வேண்டும். மணலுக்குள் புதைந்து வாழும் மீன் அது. போன மார்கழியில் ஒரு காலை முழுக்கக் கிளறியும் கிடைத்தவை நான்கு. முன்பு கணுக்கால் புதையும் மணல் இருந்த இடத்தில் களிமண் தட்டியது.

யாரைக் குறை சொல்வது? அப்பா மணல் லாரிக்கு லோடு ஏற்றிய கூலியில்தான் எனக்கு முதல் வருட ஃபீஸ். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான், படிப்பதும் சிவில்! "இப்ப கல்லை உடைச்சே மணல் பண்றாங்க ஐயா, எம்-சாண்டுன்னு பேரு" என்றேன். "அப்ப ஆத்து மணலை விட்டுருவாங்களா?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. நான்கு அயிரையையும் தண்ணீரில் விட்டுவிட்டு வந்தோம்.

வரும் மார்கழியில் வருகிறவர்கள் சொல்லுங்கள். கழி என் பொறுப்பு. ஆளுக்கொரு துண்டு மட்டும் கொண்டு வாருங்கள். அயிரையை எண்ணிவிட்டு விட்டுவிடலாம்.