அம்மன் காசும் கைப்பேசிப் பணமும்

புதுக்கோட்டைச் சந்தைப்பேட்டையிலே கீரை விற்கும் அம்மையார் ஒருவரை யாம் அறிவோம். அவர் எழுதப் படிக்கக் கல்லாதவர். ஆயினும் அவர்தம் கூடையின் விளிம்பிலே, கறுப்பும் வெள்ளையுமாய்க் கட்டங்கள் அச்சிட்ட சதுர அட்டையொன்று தொங்குகின்றது. அதனருகே சிறு ஒலிப்பெட்டியொன்றும் இருக்கின்றது. வாங்குவோர் தம் கைப்பேசியை அட்டைக்கு நேரே பிடித்துச் சில எண்களைத் தட்டிய அளவிலே, பதினைந்து ரூபாய் வந்து சேர்ந்தது என அப்பெட்டி தெளிந்த தமிழில் உரைக்கின்றது. அம்மையார் தலையசைத்து அடுத்தவரை நோக்குகின்றார். பணம் எவ்வழி வந்தது, எங்கே தங்கியது, அதற்குப் பிணையாவார் யார் என்னும் வினாக்களுக்கு அவர் விடையறியார். யாமும் நெடுநாள் அறியாதிருந்தோம் என்று ஒப்புக்கொள்ளுதலே முறை. இலக்கணம் பயிலும் மாணவர்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு எனச் சிலர் நகைக்கக்கூடும். நாள்தோறும் பன்முறை கையாளும் ஒன்றைப் பொருளறியாது கையாளுதல், பொருளறியாச் செய்யுளை உருப்போடுதலையே ஒக்கும் என்பது எம் கருத்து.

சிறு பணத்துக்கும் நம் புதுக்கோட்டைக்கும் உள்ள உறவு பழையது. தொண்டைமான் மன்னர் ஆட்சியிலே ‘அம்மன் காசு’ என்னும் செப்புக் காசு இங்கே வழங்கிற்று. ஒரு பக்கம் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள் வடிவமும், மறுபக்கம் ‘விஜய’ என்னும் தெலுங்கு எழுத்தும் பொறித்த அக்காசு இருபது சேர்ந்தால் ஓரணா. அஃதாவது, ஒரு ரூபாய்க்கு 320 காசு. நவராத்திரி நாளிலே ஏழைகட்கு அரிசியோடு அதனையும் வழங்குவது அரண்மனை வழக்கம். இத்துணைச் சிறிய காசு ஓர் ஊரில் வழங்கிற்றெனில், அவ்வூர் ஏழையின் சில்லறைக் கணக்கை அரசு மதித்ததென்றே யாம் கொள்வோம். 1948ஆம் ஆண்டிலே சமஸ்தானம் இந்திய நாட்டோடு இணைந்தது; அம்மன் காசு இப்போது காட்சிப் பொருளாயிற்று.

இனி, செம்பினாலேயே பணம் செய்த மற்றொரு நாட்டை நோக்குவோம். அது வட ஐரோப்பாவிலுள்ள சுவீடன். நம் கிறிஸ்தவ மாணவர்க்கு அந்நாட்டுப் பெயர் புதியதன்று; தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபைக்கு 1921இல் அமைந்த முதற் பேராயர் சுவீடன் நாட்டவரே. அந்நாட்டிலே வெள்ளி அருகிச் செம்பு மலிந்திருந்தமையால், 1644ஆம் ஆண்டிலே செப்புத் தகடுகளையே பணமாக அடித்தனர். பத்து ‘தாலர்’ மதிப்புள்ள தகடு ஏறத்தாழ 20 கிலோ எடையுடையது! நம் அம்மன் காசை மடிநுனியிலே முடியலாம். அவர்கள் பணத்தைச் சுமக்க வண்டி வேண்டும். அவ்விடர் தாங்காது 1661இல் ஸ்டாக்ஹோமிலுள்ள வங்கியொன்று காகிதப் பணத்தை வெளியிட்டது. ஐரோப்பாவிலே முதன்முதல் தோன்றிய வங்கித்தாள் அதுவே. மிகுதியாக அச்சிட்டமையால் அவ்வங்கி சில ஆண்டுகளிலே வீழ்ந்தது. அதன் சிதைவினின்று 1668இல் எழுந்த ரிக்ஸ்பேங்க் இன்றளவும் நிலவும் மைய வங்கிகளுள் மூத்ததாகும்.

தாளை ஐரோப்பாவுக்கு முதலிற் கொடுத்த அந்நாடே தாளை முதலிற் கைவிடவும் முற்பட்டது. 2012ஆம் ஆண்டின் இறுதியிலே அந்நாட்டுப் பெருவங்கிகள் ஆறு கூடி ‘சுவிஷ்’ என்னும் கைப்பேசி வழியை ஏற்படுத்தின. ஒரு கோடிக்குச் சற்று மிகுந்த மக்கள் வாழும் அந்நாட்டிலே எண்பது லட்சத்துக்கு மேற்பட்டோர் இன்று அதனைக் கையாளுகின்றனர். பேருந்தில் தாள் கொள்ளார். பல கடைகளிலும் கொள்ளார். தேவாலயக் காணிக்கையும் அவ்வழியே செல்கின்றது.

நம் நாட்டிலே இதற்கு ஒப்பானது ‘யூபிஐ’. 2008இல் நிறுவப்பெற்ற தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் இதனை 2016 ஏப்ரலிலே தொடங்கிற்று. அவ்வாண்டு நவம்பர் 8ஆம் நாள் இரவில் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்த் தாள்கள் செல்லாவென அறிவிக்கப்பட்டமை இதன் வளர்ச்சியை முடுக்கிற்று. 2023 ஆகஸ்டிலே ஒரே மாதத்தில் 1000 கோடிக்கு மேற்பட்ட கொடுக்கல் வாங்கல்கள் இவ்வழியே நிகழ்ந்தன. ஈராண்டிலே அத்தொகை இரட்டித்தது. மக்கள் இதனை ‘ஜீபே’ என்றே வழங்குகின்றனர். அஃது ஒரு நிறுவனத்தார் செயலியின் பெயரே ஆயினும், ஒன்றன் பெயர் இனத்துக்கெல்லாம் ஆகிவந்தமையால் இதனை ஆகுபெயரின்பாற் படுத்தலாம் போலும்.

இஃது இயங்கும் வகையை ஒரு கடிதத்தின் போக்கினை வைத்து விளக்குவோம். அட்டையிலுள்ள சதுரக் குறி ஒரு முகவரியேயன்றி வேறன்று. 1994இல் ஜப்பானிலே மோட்டார் வண்டி உறுப்புகளை எண்ணுதற்காகப் புனையப்பெற்ற குறி அது. மூன்று மூலையிலுள்ள பெரிய சதுரங்கள், அட்டை எப்பக்கம் சாய்ந்திருப்பினும் தலை இது, கால் இது எனக் கைப்பேசிக்கு உணர்த்தும். ஒரு பகுதி அழிந்தாலும் எஞ்சியதைக்கொண்டு முழுமையையும் மீட்கத்தக்க கணக்கு அதனுள் அடங்கியுள்ளது. மழையில் நனைந்து கீரைச்சாறு படிந்த அட்டையும் பிழையின்றி வேலை செய்வது இதனாலேதான்.

கைப்பேசி அம்முகவரியைப் படித்தபின், தொகையை நாம் இடுகின்றோம். இரகசிய எண்ணையும் இடுகின்றோம். அவ்வெண் மறைமொழியாக மாற்றப்பெற்று நம் வங்கிக்குச் செல்லும். கடைக்காரரோ செயலியை நடத்துவோரோ அதனைக் காணார். இடையில் நிற்கும் கழகத்தின் கணிப்பொறி, கொடுப்பவர் வங்கியைக் கழிக்குமாறும், பெறுபவர் வங்கியை வரவு வைக்குமாறும் ஏவும். இரு வங்கிகளும் ‘ஆயிற்று’ என்று விடையிறுத்தபின் கூடையிலுள்ள பெட்டி வாய்திறக்கும். இவையெல்லாம் சில நொடிகளில் முடியும். வங்கிகள் தமக்குள் கொடுக்க வேண்டிய மிச்சத்தை நாளொன்றுக்குப் பலமுறை ரிசர்வ் வங்கியின் ஏட்டிலே நேர் செய்துகொள்ளும். ஆகவே, சந்தையிலே பணம் கைமாறவில்லை. இரண்டு ஏடுகளிலே இரண்டு வரிகள் திருத்தப்பட்டன. அவ்வளவே.

இதனால் விளைந்த நன்மையுள் தலையாயது சில்லறை. மீதி இரண்டு ரூபாய்க்கு மிட்டாய் பெற்றுத் திரும்பிய காலத்தை யாம் சிறுவயதிலே கண்டோம். இன்று பதின்மூன்று ரூபாய்க்குப் பதின்மூன்றே கொடுக்கலாம். அம்மன் காசு செய்த தொண்டினை ஒருவாறு இச்சதுர அட்டை செய்கின்றது.

இனிக் கேட்டினையும் கூறல் வேண்டும். எம் தெருவிலே விதவைத் தாயார் ஒருவர் பழைய கட்டிலொன்றை விற்க விரும்பினார். முன்பணம் அனுப்புவதாகத் தொலைவிலிருந்து பேசிய ஒருவன், ‘பணம் உங்கள் கணக்கில் ஏற இரகசிய எண்ணைப் போடுங்கள், அம்மா’ என்று பணிவாகக் கூறினான். அவர் போட்டார். ஏறுவதற்கு மாறாக எட்டாயிரம் ரூபாய் இறங்கிற்று. அது பேத்தியின் கல்லூரிக் கட்டணத்துக்குச் சேர்த்தது. வெட்கத்தால் இரண்டு நாள் எவரிடமும் அவர் வாய்திறக்கவில்லை. மூன்றாம் நாள் வங்கிக்குச் சென்றபோது பணம் பல கணக்குகளைத் தாண்டிவிட்டது. நேயர்காள்! இரகசிய எண் கொடுப்பதற்கே உரியது. பெறுவதற்கு எஞ்ஞான்றும் வேண்டுவதில்லை. கீரைக்கார அம்மையார் நாளெல்லாம் பணம் பெறுகின்றாரே, ஒருமுறையேனும் எண்ணைத் தட்டினாரா? இவ்வொன்றை அத்தாயாருக்கு எவரேனும் முன்னரே சொல்லியிருப்பின் கட்டணம் தப்பியிருக்கும். அடுத்த வீட்டிலிருந்தும் சொல்லாதவருள் யாமும் உளோம். ஒருவர் மற்றொருவரிடம் பணம் வேண்டிக் குறிப்பனுப்பும் வழியைக் கழகத்தார் 2025 அக்டோபர் முதல் தனியார்க்கு அடைத்துவிட்டனர். எனினும் கள்வர் வேறு வழி தேடுவர். இழந்த அக்கணமே 1930 என்னும் எண்ணுக்கு அறிவித்தால், பணம் கடைசிக் கணக்கினின்று எடுக்கப்படுமுன் தடுக்க வாய்ப்புண்டு. வெட்கத்துக்கு அங்கே இடமில்லை.

மற்றொன்று சிறிதாகத் தோன்றினும் எம் மனத்தை விட்டு நீங்காதது. காணிக்கைப் பையிலே கையை இட்டு எடுக்கும்போது, எவர் எவ்வளவு இட்டாரென்று பக்கத்திலிருப்பவரும் அறியார். கைப்பேசியிலோ பெயரும் தொகையும் நாழிகையும் ஏடேறுகின்றன. மலைப்பிரசங்கத்திலே தருமத்தின் மறைவைக் குறித்து ஆண்டவர் அருளியதனை நினைக்குங்கால், கணக்குப் பார்க்கும் மூப்பர்க்கு எளிதாகிய இம்முறை, இரண்டு காசு மட்டும் உடைய ஏழைக்கும் எளிதாகுமா என்று ஐயுறுகின்றோம். இதற்கு விடை எம்மிடம் இல்லை.

இவற்றினும் பெரியதொன்று உண்டு. 2018 நவம்பர் 16ஆம் நாள் விடியலிலே கஜாப் புயல் கரையேறிய செய்தி நம் மாவட்டத்தார்க்குக் கதையன்று. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு முதலிய ஊர்களிலே தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. புயல் தாக்கிய மாவட்டங்களிலே விழுந்த மின்கம்பங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். சிற்றூர்கள் பலவற்றிலே வாரக்கணக்கில் விளக்கில்லை. கைப்பேசிக் கோபுரங்கள் மின்கலம் தீர்ந்தவுடன் ஊமையாயின. அப்போது யாம் பள்ளிச் சிறார். அந்நாளிலே கைப்பேசிப் பணம் எம்மூரில் பரவவில்லை. ஆதலின் அதன் குறையும் தெரியவில்லை. மண்ணெண்ணெயும் மெழுகுவர்த்தியும் தாளுக்குக் கிடைத்தன. தாள் தீர்ந்தோர்க்கு மளிகைக் கடை அண்ணாச்சியின் கடன் ஏடு உதவிற்று. அவ்வண்ணமே ஒரு புயல் இன்று வருமாயின் என்னாகும்? ஏடு திருத்தும் கணிப்பொறி தொலைவிலே பழுதின்றி ஓடிக்கொண்டிருக்கும். அதனை எட்டும் வழி வடகாட்டிலே அறுந்து கிடக்கும். வங்கியில் இலட்சம் உடையவனும் உப்பு வாங்க இயலாது நிற்பான். ஆலங்குடியை அடுத்த கறுக்காக்குறிச்சியிலே 1898இல் ஒரு பானையினின்று 501 உரோமப் பொற்காசுகள் வெளிப்பட்டன. புதைத்தவன் யாரென்று எவரும் அறியார்; ஆயினும் பதினெட்டு நூற்றாண்டு மண்ணுள் கிடந்த பின்னும் அவை பொன்னாகவே இருந்தன. கைப்பேசிப் பணத்துக்கு அத்தகைய தனியிருப்பு இல்லை.

இவ்வச்சம் எம் கற்பனையன்று. 2021 ஜூலையிலே, வெளிநாட்டு மென்பொருளொன்றின் வழியாகக் கணினிக் கொள்ளையர் புகுந்தமையால், சுவீடனிலே ‘கூப்’ என்னும் பெருங்கடையின் கல்லாப்பெட்டிகள் செயலிழந்தன. ஏறத்தாழ 800 கடைகளிற் பெரும்பாலானவற்றை மூட நேர்ந்தது. அலமாரியிலே பாலும் ரொட்டியும் நிறைந்திருந்தன, விற்கத்தான் வழியில்லை. அவ்வாண்டின் தொடக்கம் முதலே பெருவங்கிகள் தாள்பணச் சேவையைக் கைவிடலாகாதென அங்கே சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. 2018இலும் 2024இலும் வீடுதோறும் அரசு அனுப்பிய நெருக்கடிக் காலக் கையேட்டிலே, குடிநீர், போர்வை, வானொலி ஆகியவற்றோடு கைப்பணமும் வைத்திருக்குமாறு அறிவுறுத்தப்பட்டுள்ளது. ஒரு வாரத்துக்கேனும் போதுமான தொகை, அதுவும் வெவ்வேறு மதிப்புள்ள தாள்களாக, என்பது பிந்திய பதிப்பின் குறிப்பு. தாளை மிகவும் துறந்த நாடே இவ்வாறு கூறுகின்றதெனில், ஆண்டுதோறும் ஐப்பசி கார்த்திகையில் வானத்தை அண்ணாந்து நோக்கும் நாம் செவிசாய்த்தல் தகும்.

இக்கையேட்டின் செய்தியைக் கீரைக்கார அம்மையாரிடம் ஒருநாள் கூறினோம். அவர் சிரித்து, இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்துக் காட்டினார். பத்தும் இருபதுமாகத் தாள்கள், அடியிலே சில நாணயங்கள். ‘கஜா வந்தப்பவே தெரிஞ்சுக்கிட்டேன், தம்பி’ என்றார். அதற்குள் ஒலிப்பெட்டி மறுபடியும் பேசிற்று.