டோக்கன் போனது, போஸ்ட்இன்ஸ்டால் இருக்கிறது

ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களின் களஞ்சியமான என்பிஎம்மின் பழைய ‘கிளாசிக்’ டோக்கன்கள் (கடவுச்சொல்லுக்குப் பதிலான சாவிகள்) 2025 டிசம்பர் 9 அன்று மொத்தமாகச் செல்லாமல் போயின. அதையொட்டி வந்த வாசகர் கடிதங்கள் பெரும்பாலும் இதைப் பற்றித்தான். “என் ப்ராஜெக்ட் நின்றுவிடுமா?” என்று மாணவர்கள் கேட்டார்கள். “கெடுவுக்குள் எல்லா பேக்கேஜையும் அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யணுமா?” என்றார் ஒருவர்.

வேண்டாம். பொதுவில் கிடைக்கும் பேக்கேஜ்களை இறக்கிப் பயன்படுத்துபவருக்கு டோக்கனே தேவையில்லை. டிசம்பர் 10 காலையிலும் அவருக்கு எல்லாம் வழக்கம்போல் ஓடியிருக்கும். சிக்கல் இரண்டு தரப்புக்குத்தான். ஒன்று, பேக்கேஜ் வெளியிடுபவர்கள். இன்னொன்று, நிறுவனத்தின் பிரைவேட் பேக்கேஜ்களைப் பழைய டோக்கன் வைத்து இறக்கிக்கொண்டிருந்த பில்டு சர்வர்கள். அந்த சர்வர் யார் பொறுப்பு என்று இன்றே கேட்டுவிடுங்கள்.

என்பிஎம்மை நடத்தும் கிட்ஹப் இதைப் பாதுகாப்பு நடவடிக்கை என்கிறது. பாதி சரி. கிளாசிக் டோக்கனுக்குக் காலாவதி இருக்கவில்லை. ஒரு முறை திருடியவன் வருடக்கணக்கில் வைத்து ஆள முடிந்தது. வெளியிடும் உரிமை உள்ள புதிய டோக்கனுக்கு அதிகபட்சம் 90 நாள்தான் ஆயுள். ஆனால் 2025 செப்டம்பரில் டோக்கன் எப்படித் திருடுபோனது என்று பார்த்தால், 90 நாள் என்பது எவ்வளவு நீண்ட காலம் என்று புரியும்.

ஒரு பேக்கேஜுக்குள் ‘பேக்கேஜ் ஜேசன்’ என்ற கோப்பு இருக்கும். அதில் ‘ஸ்கிரிப்ட்ஸ்’ பகுதியில் ‘போஸ்ட்இன்ஸ்டால்’ என்று ஒரு வரி சேர்த்து, எதிரே ஒரு கட்டளையை எழுதலாம். நீங்கள் டெர்மினலில் ‘என்பிஎம் இன்ஸ்டால்’ என்று அடித்ததும் பேக்கேஜ் வந்து இறங்கும். இறங்கிய கையோடு அந்தக் கட்டளை ஓடும். உங்களிடம் அனுமதி கேட்காது. அந்த லைப்ரரியை உங்கள் நிரலில் ஒரு வரிகூட நீங்கள் இன்னும் பயன்படுத்தியிருக்க மாட்டீர்கள். நீங்கள் கேட்டது ஒரு பேக்கேஜ். அது கேட்டது பத்து. அந்தப் பத்தும் கேட்டவை இன்னும் பல. அதில் எந்த ஒன்றில் அந்த வரி இருந்தாலும் அது உங்கள் கணினியில், உங்கள் பெயரில், உங்களுக்குள்ள முழு உரிமையோடு ஓடும். ஆவணங்கள் இதற்கு ‘லைஃப்சைக்கிள் ஸ்கிரிப்ட்’ என்று பெயர் வைத்திருக்கின்றன. முன்பின் தெரியாதவர் எழுதிய நிரலை என் கணினியில் தானாக ஓடவிடும் வசதி என்பதுதான் நேரான விளக்கம்.

அப்படி ஓடும் நிரல் எதைத் தேடும்? உங்கள் ஹோம் ஃபோல்டரில் ‘என்பிஎம்ஆர்சி’ என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். லாகின் செய்திருந்தால் அதில் ஒரு நீளமான வரி இருக்கும். அதுதான் டோக்கன். பூட்டு இல்லை, மறைகுறியாக்கம் இல்லை, வெறும் எழுத்து.

செப்டம்பர் நடுவில் பரவிய ‘ஷாய்-ஹுலூட்’ புழு இந்த இரண்டையும் இணைத்தது. போஸ்ட்இன்ஸ்டாலில் புகுந்தது, ரகசியங்களைத் தேடித் துழாவியது, கிடைத்த என்பிஎம் டோக்கனை வைத்து, அந்த டோக்கனுக்கு உரியவரின் மற்ற பேக்கேஜ்களுக்குள்ளும் தன்னை நுழைத்துப் புதிய வெர்ஷனாக வெளியிட்டது. அதை இன்ஸ்டால் செய்த அடுத்தவரிடம் அதே கதை. 500க்கும் மேற்பட்ட பேக்கேஜ்களை கிட்ஹப் நீக்க வேண்டியிருந்தது. நவம்பர் 24 அன்று வெளிப்பட்ட இரண்டாவது அலை ‘ப்ரீஇன்ஸ்டால்’ வரியைப் பிடித்துக்கொண்டது. அதாவது, இன்ஸ்டால் முடியும்வரைகூடக் காத்திருக்கவில்லை. திருடிய டோக்கனை உடனுக்குடன் பயன்படுத்தும் புழுவுக்கு 90 நாள் கெடு எந்தத் தடையும் இல்லை.

என்னை அதிகம் வருத்துவது வேறு. இதே புழு எப்படிப் பரவும் என்று 2016இலேயே சாம் சக்கோன் என்ற நிரலாளர் எழுதிக் காட்டிவிட்டார். கணினிப் பாதுகாப்புக்கான அமெரிக்காவின் செர்ட் மையம் அந்த மார்ச்சில் அதை எச்சரிக்கையாகவே வெளியிட்டது. இன்ஸ்டால் ஸ்கிரிப்டின் பயன் புழுவின் அபாயத்தைவிடப் பெரிது என்பது அன்றைய என்பிஎம் நிறுவனத்தின் பதில். ஒன்பது வருடம் கழித்து அந்தப் புழு வந்தேவிட்டது. அப்போதும் டோக்கன்தான் மாறியது. ஸ்கிரிப்ட் தானாக ஓடுவது மாறவில்லை.

பயன் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். சி மொழிப் பகுதியை உங்கள் கணினிக்கு ஏற்பக் கம்பைல் செய்ய வேண்டிய பேக்கேஜ்கள் உண்டு. பிரவுசரை நிரல்வழி இயக்கும் பப்பெட்டியர் தனக்கு வேண்டிய குரோமை இறக்குவதும் இப்படித்தான். ஆனால் அப்படிப்பட்டவை சில. அந்தச் சிலவற்றுக்காக எல்லாவற்றுக்கும் கதவைத் திறந்துவைப்பது தவறு. என்பிஎம்முக்கு மாற்றான பிஎன்பிஎம் கருவி தன் பத்தாம் பதிப்பில் இதைத் திருப்பிப் போட்டது: சார்பு பேக்கேஜ்களின் ஸ்கிரிப்ட் எதுவும் ஓடாது, நீங்கள் பெயர் சொல்லி அனுமதித்தவை மட்டும் ஓடும். என்பிஎம்மும் அதைச் செய்ய வேண்டும். அதுவரை நீங்களே செய்யலாம். இன்ஸ்டால் கட்டளையோடு ‘இக்னோர்-ஸ்கிரிப்ட்ஸ்’ என்பதைச் சேர்த்து அடியுங்கள். பிறகு ஏதாவது ஒன்று ஓடாமல் முரண்டு பிடித்தால் அந்தப் பேக்கேஜின் பெயரை மட்டும் கொடுத்து ‘ரீபில்ட்’ செய்யுங்கள். இதனால் எல்லா ஆபத்தும் போய்விடாது. கெட்ட நிரல் லைப்ரரிக்குள்ளேயே இருந்தால், நீங்கள் அதை ஓட்டும்போது அதுவும் ஓடத்தான் செய்யும். ஆனால் இந்தப் புழு வந்த வழி அடைபடும்.

மற்ற கேள்விகள்.

‘என்பிஎம் ஆடிட்’ பூஜ்யம் காட்டுகிறதே, போதாதா? ஏற்கெனவே யாரோ கண்டுபிடித்துப் பதிவு செய்தவற்றைத்தான் அது எண்ணும்.

‘லாக்’ கோப்பை கிட்டில் சேர்க்கணுமா? சேருங்கள், பில்டு சர்வரில் ‘இன்ஸ்டால்’ வேண்டாம், ‘சிஐ’ போதும்.

டோக்கனே இல்லாமல் வெளியிட முடியுமா? முடியும், ‘ட்ரஸ்டட் பப்ளிஷிங்’ முறையில் திருடுவதற்கு நிரந்தரச் சாவி எதுவும் சேமித்து வைப்பதில்லை.

“கெடுவுக்குள் புதுப்பியுங்கள்” என்று மெயில் வந்திருக்கிறது, அழுத்தலாமா? அழுத்தாதீர்கள். 2025 செப்டம்பர் 8 அன்று சாக், டீபக் உள்ளிட்ட 18 பேக்கேஜ்கள் பறிபோனது அப்படி ஒரு போலி மெயிலால்தான். அதிலும் செப்டம்பர் 10 என்று ஒரு கெடு இருந்தது. தளத்தின் முகவரியை நீங்களே அடித்து உள்ளே போய்ப் பாருங்கள்.